பழுதான வாட்டர் பம்ப்பைக் கைவிட்டு விடாதீர்கள்

கேள்வி: சின்னமனூரில் இருந்து குமுளி, கட்டப்பனைக்கு வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றிப் போகும் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். நானேதான் ஓட்டுகிறேன். லோடு இறக்க அக்கா மகன் கூட வருவான். வாட்டர் பம்ப் ஒழுகியதால் ஒரு பட்டறையில் புது பம்ப் மாற்றினேன். ‘கம்பெனி ஸ்பேர்தான்’ என்று வாட்ஸ்அப் வாய்ஸில் சொன்னார்கள். கூலன்ட், கூலி சேர்த்து 7,400 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். கொடுத்த துண்டுச் சீட்டில் ‘கேரண்டி கிடையாது’ என்று அச்சிட்டிருக்கிறது. 19-ஆம் நாள் லோடுடன் போகும்போது லோயர் கேம்ப் பக்கத்தில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. நிறுத்தி, தண்ணீர் ஊற்றிவிட்டு மலை ஏறினேன். பாதி வழியில் என்ஜின் நின்றுவிட்டது. கட்டி இழுத்து அதே பட்டறைக்குக் கொண்டுவந்து, என்னவென்று பார்க்கச் சொன்னேன். என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிட்டு, ‘ஹெட் வளைந்துவிட்டது, அதற்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போய்விட்டது, 62,000 ஆகும்’ என்கிறார்கள். முடியாது என்றால் கழற்றிய கூலி 6,000, அதோடு நிறுத்திவைத்ததற்கு நாளொன்றுக்கு 200 கட்டினால்தான் வண்டி என்கிறார்கள். ‘இது வியாபார வண்டி, நுகர்வோர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது’ என்றும் சொல்கிறார்கள். மாதத் தவணை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்ஷூரன்ஸில் கேட்க முடியுமா? நான் என்ன செய்வது?

பதில்: ஐயா, சட்டத்தைப் பிறகு பேசுவோம். முதலில் ஒரு வேலை இருக்கிறது, அதை இன்றைக்கே செய்யுங்கள். 19 நாளில் போன அந்த பம்ப் இப்போது எங்கே இருக்கிறது? பட்டறையின் மூலையில் கிடக்கிறது என்றால், காயலான் கடைக்காரர் வருவதற்குள் அது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். உங்கள் வழக்கில் முதல் சாட்சி அதுதான். துண்டுச் சீட்டும் வாய்ஸும் அதற்கு அடுத்துத்தான். பம்ப் போய்விட்டால், ‘நாங்கள் போட்டது நல்ல பம்ப், இவர் போர் தண்ணீரை ஊற்றி என்ஜினைக் கெடுத்துக்கொண்டார்’ என்று அவர்கள் சொல்வதற்கு உங்களிடம் பதில் இருக்காது. புகார் கொடுப்பவர்தான் குறையை நிரூபிக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்திலும் அதே கதைதான்.

தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பம்ப்பைத் துடைக்காமல், கழுவாமல் ஒரு வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுங்கள். பாகத்தின் எண், கம்பெனி முத்திரை, அச்சு வார்ப்பு எல்லாம் தெரிய வேண்டும். பம்ப்பின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் போனால் கூலன்ட் அந்தத் துளை வழியாகத்தான் வெளியே கசியும், காய்ந்த பிறகு பச்சையாகவோ சிவப்பாகவோ கறை நிற்கும். அந்தக் கறையைத் தனியாகப் பெரிதாக எடுங்கள். புல்லியைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்கும்போது ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது, அதை வீடியோவாக எடுங்கள். சீல் போனதா, பேரிங் போனதா, உள்ளே இருக்கும் விசிறி தண்டில் இருந்து கழன்றதா என்பதைப் பொறுத்துத்தான் குற்றம் ஸ்பேரில் இருக்கிறதா, மாட்டிய விதத்தில் இருக்கிறதா என்பது தெரியவரும். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் நல்ல பம்ப்பின் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். அப்படி இருந்தாலும் பொறுப்பு மாட்டியவருடையதுதான், உங்களுக்கு அதில் நஷ்டம் இல்லை.

தர மறுத்தால் சண்டை போடாதீர்கள். ‘பழுதான பம்ப்பைக் கேட்டேன், தர மறுத்தீர்கள், அதைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வைக்கவும்’ என்று அங்கேயே நின்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பிறகு அவர்கள் பம்ப் தொலைந்துவிட்டது என்று சொன்னால், அது அவர்களுக்கு எதிராகத்தான் பேசும். முதலில் கழற்றிய பழைய பம்ப்பும் கிடைத்தால் வாங்குங்கள். அடுத்து அந்த வாய்ஸ். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளுக்கு ஒரு சான்று கேட்கிறது. நுகர்வோர் ஆணையம் அதில் அவ்வளவு கறாராக இருக்காது என்றாலும் இணைத்துவிடுவது நல்லது.

இப்போது வண்டி. பட்டறைக்காரர் சொல்வதில் பாதி சரி. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, ஒரு பொருளில் உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர், அந்த வேலைக்குரிய கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. நகைப் பட்டறையும் தையற்கடையும் சரக்கைப் பிடித்து வைப்பது இந்த உரிமையில்தான். ஆனால் அது செய்து முடித்த, நீங்கள் சொல்லிச் செய்த வேலையின் நியாயமான கூலிக்கு மட்டும்தான். தான் பிடித்து வைத்திருக்கும் பொருளுக்கே வாடகை கேட்பதற்கு அந்தப் பிரிவு வழி விடவில்லை. நீங்கள் ஒப்புக்கொள்ளாத 62,000 ரூபாய் வேலையைச் சாக்காக வைத்தும் வண்டியைப் பிடிக்க முடியாது. ‘நாளொன்றுக்கு 200’ என்று வண்டியை விடும்போது உங்களிடம் எதுவும் எழுதி வாங்காதவரை அந்தப் பணத்துக்கு அடிப்படை இல்லை.

ஆகவே இதுதான் என் யோசனை, சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்: கழற்றிய கூலி 6,000 ரூபாயை மட்டும் கட்டி, வண்டியை வெளியே எடுங்கள். தப்பே அவர்களுடையது, எதற்குக் கட்ட வேண்டும் என்று மனம் கொதிக்கும், புரிகிறது. ஆனால் வண்டி அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு நஷ்டம். நஷ்டத்தைக் குறைக்க உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்பதை அதே ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின் விளக்கம் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஆறாயிரத்துக்காக ஆறு மாதம் நிறுத்திவிட்டு, அந்த ஆறு மாத வருமானத்தையும் கேட்டால் ஆணையம் தராது. ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, ‘என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ‘வேலை திருப்தி, பாக்கி எதுவும் இல்லை’ என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கழற்றிய ஹெட், கேஸ்கெட், போல்ட், குழாய் வரை எண்ணிப் பட்டியல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ்கெட் கிழிந்த இடமும் சாட்சிதான்.

அப்படியும் விட மறுத்தால், நுகர்வோர் ஆணையத்தில் புகாரோடு சேர்த்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38(8)-ஆம் பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு கேட்டு மனுப் போடலாம். வண்டியை விடச் சொல்லி ஆணையம் உத்தரவிட முடியும்.

வெளியே எடுத்ததும் நேராக வேறு பட்டறையில் விட்டு வேலையை ஆரம்பிக்க வேண்டாம். இரண்டு நாள் பொறுங்கள். மோட்டார் வாகன சர்வேயர் உரிமம் உள்ளவரோ, ஆட்டோமொபைல் படித்த பொறியாளரோ ஒருவர் பம்ப்பையும் ஹெட்டையும் பார்த்து அறிக்கை எழுதட்டும். ‘பம்ப் பழுதானதால் கூலன்ட் ஓட்டம் நின்று, என்ஜின் சூடேறி, ஹெட் வளைந்தது’ என்ற தொடர்ச்சியை அவர் எழுத்தில் சொல்ல வேண்டும். இந்த ஒரு தாள் இல்லாமல் தோற்ற புகார்களைப் பார்த்திருக்கிறேன். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கே 38(2)(இ) அதிகாரம் தருகிறது, அதையும் கேட்கலாம். அதற்குப் பிறகு வேலையை முடித்து வண்டியை ஓட்டுங்கள்.

‘வியாபார வண்டி’ என்ற பயமுறுத்தலுக்கு வருகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(7)-ஆம் பிரிவு, வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோர் அல்ல என்கிறது. ஆனால் அதே பிரிவின் விளக்கம், சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்தில் சேர்க்கவில்லை. 1995-இல் லக்ஷ்மி என்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உங்கள் நிலைமைக்கு மிக அருகிலேயே விளக்கியது: பிழைப்புக்காக லாரி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒருவர் இருவரை வைத்துக்கொண்டதால் அந்தத் தகுதி போய்விடாது. உங்கள் அக்கா மகன் கூட வருவதால் ஒன்றும் கெடவில்லை. நான்கு வண்டி வாங்கி டிரைவர் போட்டு ஓட்டினால்தான் பிரச்சினை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய சட்டத்தின் விளக்கத்தில் ‘பொருள்’, ‘சேவை’ இரண்டும் இருந்தன. 2019 சட்டத்தின் விளக்கத்தில் ‘பொருள்’ மட்டும் நிற்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் விவரமானவராக இருந்தால், ‘பட்டறை வேலை சேவைதானே’ என்று இதைப் பிடிப்பார். அதனால் புகாரில் ‘ரிப்பேர் சரியில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். அவர்கள் உங்களுக்கு ஒரு பம்ப்பை விற்றார்கள், அதைப் பொருத்தியும் கொடுத்தார்கள் என்று இரண்டையும் எழுதுங்கள். ஒரே வண்டி, நானே ஓட்டுகிறேன், குடும்பம் இதை நம்பித்தான் இருக்கிறது என்பதை முதல் பத்தியிலேயே வையுங்கள். ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், தவணை அட்டை மூன்றையும் சேர்த்து வைத்தால் போதும்.

‘கேரண்டி கிடையாது’ என்ற அச்சு எழுத்து அவர்களைக் காப்பாற்றாது. கம்பெனி ஸ்பேர் என்று சொல்லி, அந்த விலையும் வாங்கி, டூப்ளிகேட்டைப் போட்டிருந்தால் அது 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. முறையான பில் தராததும் அதே பிரிவில் வருகிறது. பம்ப்பின் எண்ணை அந்த வண்டிக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் காட்டி, அது தங்கள் பாகமா இல்லையா என்று எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் பக்கம் பலவீனமான இடம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முள் ஏறியதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றி, லோடோடு மலை ஏறினீர்கள். ‘லோயர் கேம்ப்பிலேயே நிறுத்தி எங்களுக்கு போன் பண்ணியிருந்தால் 7,400-ஓடு போயிருக்கும், ஹெட் வளைந்தது இவர் செய்த வேலை’ என்பதுதான் அவர்களின் முதல் வாதமாக இருக்கும். அதில் நியாயமும் கொஞ்சம் உண்டு. இதைப் புகாரில் மறைத்தால், குறுக்கு விசாரணையில் வெளிவரும்போது மற்ற எல்லாமும் சந்தேகத்துக்கு ஆளாகும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: எத்தனை மணி, எங்கே நிறுத்தினீர்கள், எவ்வளவு நேரம் ஆற விட்டீர்கள், எவ்வளவு தண்ணீர் பிடித்தது, மறுபடி எடுத்தபோது முள் எங்கே இருந்தது. முள் இறங்கிய பிறகு எடுத்திருந்தால் அது முக்கியமான விஷயம். பட்டறைக்கு அப்போதே போன் செய்தீர்களா? அழைப்புப் பட்டியலை எடுத்து வையுங்கள். அன்றைய எடைமேடை ரசீது இருந்தால் அதையும் எடுங்கள், ஓவர்லோடு என்றும் சொல்வார்கள். இதனால் தொகை கொஞ்சம் குறையலாம், ஆனால் வழக்கு போகாது. டூப்ளிகேட் பம்ப்பைப் போட்டதும் டிரைவர் நிறுத்தத் தாமதித்ததும் வேறு வேறு தவறுகள், ஆணையம் இரண்டையும் தனித்தனியாக எடைபோடும்.

கேட்க வேண்டிய தொகை: பம்ப்புக்குக் கொடுத்த 7,400, கழற்றிய கூலி, இழுவைச் செலவு, வேறு பட்டறையில் ஆகும் செலவு பில்லோடு, ஓடாத நாட்களின் வருமானம், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு. வருமானத்தில் மொத்த வாடகையை எழுதினால் ஒரு கேள்வியிலேயே சரிந்துவிடும். டீசல், சாப்பாடு, ஆள் கூலி போக கையில் நிற்பது எவ்வளவோ அதைத்தான் எழுத வேண்டும். கமிஷன் கடைச் சீட்டும் முந்தைய மூன்று மாத வங்கிக் கணக்கும் அதற்கு ஆதாரம். தவணையைத் தனியாக நஷ்டமாகக் கேட்க வேண்டாம், வண்டி ஓடியிருந்தாலும் அதைக் கட்டியிருப்பீர்கள்.

இன்ஷூரன்ஸில் இது வராது. வழக்கமான மோட்டார் பாலிசியின் சொந்தச் சேதப் பகுதி விபத்து, தீ, திருட்டு போன்றவற்றுக்குத்தான், இயந்திரக் கோளாறும் தேய்மானமும் அதில் விலக்கு. என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால் பாலிசியை ஒருமுறை படித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒப்புகையோடு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை, ஆனாலும் பல பட்டறைகள் நோட்டீஸ் கண்டதுமே பேச்சுக்கு வரும். அறுபதாயிரம் ரூபாய்த் தகராறுக்குப் பேச்சு நல்ல வழி. தேனி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம், செலவு இல்லை. உதவி எண் 15100. ஒத்துவராவிட்டால் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், ஆன்லைனில் இ-ஜாக்ருதி தளத்திலும் பதியலாம். எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. சட்டம் மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. நடப்பில் அதைவிட அதிகமாகும், மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் கொடுக்கச் சட்டம் தரும் காலம் இரண்டு வருடம். அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் பட்டறைக்குக் கிளம்புங்கள், போகும்போது ஒரு வெள்ளைத் துணியும் மூடி போட்ட டப்பா ஒன்றும் எடுத்துப் போங்கள்.