வார்ஃபரின் எடுப்பவர் வைட்டமின் கே மாத்திரை சாப்பிடலாமா?

அப்பாவுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைக் கொடுக்கிறார்கள், எலும்புக்காக வைட்டமின் கே2 வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவரைக் கேட்காமல் தயவுசெய்து தராதீர்கள்.

ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் உருவாக்க வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வேலையைத்தான் தடுக்கிறது. மாத்திரையாக வைட்டமின் கே உள்ளே போனால் மருந்தின் பிடி தளரும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) இறங்கும், ரத்தக்கட்டி உருவாகலாம். கே2-வில் எம்கே-7 என்ற வகை ரத்தத்தில் நாட்கணக்கில் தங்குவதால் சிறிய அளவே போதும், ஐஎன்ஆரை மாற்றிவிட. ஏற்கெனவே தந்து கொண்டிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்துதான். ஐஎன்ஆர் ஏறி ரத்தக்கசிவு வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டே மாற்றுங்கள். மல்டிவைட்டமின் புட்டியின் பின்பக்கச் சிறு எழுத்தையும் படியுங்கள், அதிலும் வைட்டமின் கே இருக்கக்கூடும்.

கீரையிலும் வைட்டமின் கே உண்டு, ஆனால் அதை ஒதுக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் அளவு ஏறி இறங்காமல் இருந்தால் போதும். (பலர் பயந்து கீரையை அடியோடு விட்டுவிடுகிறார்கள், அது தவறு.)

இந்த மருந்து எடுக்காத, நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கு வைட்டமின் கே-யின் கே1, கே2 வகைகள் இரண்டும் பொதுவாகப் பாதுகாப்பானவை. ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 120, பெண்களுக்கு 90 மைக்ரோகிராம் போதும். பெரும்பாலும் அது உணவிலேயே கிடைத்துவிடும். மாத்திரையாக எடுத்தால் கொழுப்புள்ள உணவோடு எடுங்கள்.