கம்பியின் நடுவில் விரிசல்: ராடில் குறையா, டையில் குறையா?

கேள்வி: எங்கள் ஆலையில் 5.5 மி.மீ. எஃகு வயர் ராடை (கம்பி இழுப்பதற்கான மூலத் தடி) முதல் பாஸில், அதாவது டை வழியே முதல்முறை இழுக்கும்போது, 5.2 மி.மீ. ஆக இழுக்கிறோம். கூம்பாகக் குறுகும் துளை கொண்ட கார்பைடு டையின் (அச்சு) முழுக் கோணம் 16 டிகிரி. அடுத்தடுத்த பாஸ்களில் கம்பி திடீரென அறுந்துவிடுகிறது. ஒரு முனை கிண்ணம்போல் குழிந்தும் மறுமுனை கூம்பாகவும் இருக்கின்றன. மேற்பரப்பில் கீறலே இல்லை. அதே லாட் ராடு வேறொரு மெஷினில் நன்றாக ஓடுகிறது. குறை எங்கே? கணினி மாதிரி உதவுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இந்த முறிவு கம்பியின் மையத்தில் பிறந்து வெளிநோக்கி வளர்ந்தது. ராடின் நடுவில் அயல் துகள்கள் திரண்டிருந்தால் விரிசல் அங்கே எளிதில் தொடங்கும் என்பது உண்மையே. ஆனால் அதே லாட் வேறு மெஷினில் ஓடுகிறது என்பதால், டையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டைக்குள் நுழையும் உலோகத்தின் வெளி அடுக்குகள் உள்நோக்கி வளைந்து, கூம்புக்கு அடுத்து ஒரே விட்டத்தில் நீளும் பேரிங் பகுதியை நெருங்கும்போது மீண்டும் நேராகின்றன. கம்பியை மெலியச் செய்வதற்குப் பயன்படாத இந்த வீண் உழைப்பு கோணம் கூடக்கூட அதிகரிக்கிறது. அதோடு, கோணம் பெரிதாகவும் பரப்புக் குறைவு (ஒரு பாஸில் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு குறையும் அளவு) சிறிதாகவும் இருந்தால் கம்பி டையைத் தொடும் நீளம் மிகக் குறுகிவிடும். அப்போது அமுக்கம் மேல் அடுக்கோடு நின்றுவிட, மையம் எல்லாத் திசைகளிலும் இழுபட்டு, துகள்களைச் சுற்றி நுண்துளைகள் திறந்து, பாஸுக்குப் பாஸ் வளர்ந்து ஒன்றுசேர்கின்றன.

இதை அளவிடும் எண் டெல்டா. அரைக் கோணத்தை ரேடியனில் எடுத்துப் பரப்புக் குறைவின் பின்னத்தால் வகுக்க வேண்டும். ஒன்றிலிருந்து அந்தப் பின்னத்தைக் கழித்து வர்க்கமூலம் கண்டு, அதனுடன் ஒன்றைக் கூட்டி, வரும் தொகையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். பலர் இங்கே முழுக் கோணத்தைப் போட்டுவிடுகிறார்கள், கவனம் தேவை. உங்கள் பாஸில் பரப்பு ஏறக்குறைய 10.6 சதவீதமே குறைகிறது. டெல்டா 5-ஐ ஒட்டி வருகிறது. 3-ஐத் தாண்டினாலே மையத்துக்கு ஆபத்து என்று கொள்வது நல்லது. அதே டைக் கோணத்தில் 4.9 மி.மீ. வரை இழுத்தால் குறைவு 20.6 சதவீதமாகி, டெல்டா சுமார் 2.4 ஆகும்; முழுக் கோணத்தை 12 டிகிரி ஆக்கினால் 1.8-க்கு இறங்கும். கோணத்தை அதற்கும் கீழே மிகவும் குறைத்துக்கொண்டே போனால் தொடுநீளம் கூடி, உராய்வும் சூடும் ஏறி, மசகாகப் போடும் சோப்புத் தூள் தாங்காது. முதல் பாஸை மாற்றினால் இழுவிசையும் கூடும் என்பதால், அடுத்த டைகளின் வரிசையையும் சேர்த்தே திருத்துங்கள். பின்வரும் பாஸ் ஒவ்வொன்றுக்கும் டெல்டாவைக் கணக்கிடுங்கள்.

கணினி மாதிரி நிச்சயம் உதவும். கம்பியும் டையும் அச்சைச் சுற்றிச் சமச்சீரானவை என்பதால், நீளவாக்கு வெட்டுமுகத்தில் பாதியை மட்டும் எடுத்து, ஃபைனைட் எலிமென்ட் முறையில் (பொருளைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவது) விரைவாகத் தீர்த்துவிடலாம். மையத்தில் சராசரித் தகைவு (ஓரலகுப் பரப்பில் உள்ள விசை) அமுக்கமாக இல்லாமல் இழுப்பாக மாறுகிறதா என்று பாருங்கள். எனக்கு அதுவே முதன்மையான விடை. ஆனால் வரைபடத்தில் உள்ள கோணத்தை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். ஓடிய டையில், கம்பி முதலில் தொடும் இடத்தில் வளையமாகத் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானத்தோடு அளந்த வடிவத்தையும், ஒவ்வொரு பாஸிலும் இறுகிய கம்பியின் இழுவைச் சோதனை எண்களையும் கொடுங்கள். உராய்வு எண்ணை ஊகிக்காமல், மெஷினில் அளந்த இழுவிசையும் மாதிரி சொல்லும் விசையும் ஒத்துவரும்வரை திருத்துங்கள். அதன்பின், கம்பியின் ஒரு துண்டை நீளவாக்கில் அறுத்து மெருகேற்றிப் பாருங்கள். மையக் கோட்டில் ‘வி’ வடிவ விரிசல்கள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வரிசையாகத் தெரிந்தால், முதல் பாஸ் டையை உடனே மாற்றிவிடலாம்.