உடற்கூற்று அறைக்கு மகளை அனுப்பலாமா? – ஒரு கடிதம்

வணக்கம் சேர்,

என் மகள் தரம் 9 படிக்கிறாள். அடுத்த மாதம் பாடசாலையிலிருந்து மருத்துவபீடத்தின் உடற்கூற்று ஆய்வுகூடத்தைப் பார்க்கக் கூட்டிப்போகிறார்களாம். பெற்றோர் கையொப்பம் கேட்டுத் துண்டு வந்திருக்கிறது. டொக்டராகும் ஆசையில் மகள் துள்ளிக்கொண்டு நிற்கிறாள். மாமியோ, 'பிரேதம் கிடக்கிற இடத்துக்குப் பொம்புளப் புள்ளைய அனுப்புறதா, துடக்கு' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டா. துடக்கை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் சுனாமி நேரம் எனக்கு 16 வயது. நாவலடியில் கண்டது இப்போதும் கனவில் வரும். இந்த வயதில் பிள்ளைக்கு இது தேவையா சேர்?

– ஒரு தாய், கல்லடி

அன்புள்ள தங்கச்சிக்கு,

கையொப்பம் வையுங்கள். வைக்கும் முன் பாடசாலையிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். என்ன காட்டப்போகிறார்கள்? பார்க்க மனமில்லாத பிள்ளை வெளியே நிற்கலாமா?

முதலாவதற்கு நிம்மதியான பதில் வரக்கூடும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரும் நாளில் பல இடங்களில் எலும்புகள், பிளாஸ்ரிக் மாதிரிகள், சாடிக்குள் போர்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் கிடக்கும் இதயம், சிறுநீரகம் என்று காட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

உயர்தரம் படிக்கும்போது எங்களையும் அப்படி ஓர் அறைக்கு பஸ்ஸில் கொண்டுபோனார்கள். எங்கே போகிறோம் என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. கதவு திறந்ததும் மணம் கண்ணில் குத்தியது. மேசையில் முழு உடல். என் பக்கத்தில் நின்ற நண்பன் அப்படியே சரிந்து வாங்கில் தலை அடிபட்டு விழுந்தான். நாங்கள் சிரித்தோம். நானும்தான். அவன் வீட்டில் ஆறு மாதத்துக்கு முன்னர் நடந்த சாவு எங்கள் எல்லோருக்கும் தெரியும், கூட்டிப்போன ஆசிரியருக்கும் தெரியும். 'உனக்கு வேண்டாமென்றால் வெளியில் நில்' என்று அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை. அன்று படித்தது ஒன்றும் நினைவில் இல்லை. அந்தச் சிரிப்பு மட்டும் இருக்கிறது.

நீங்கள் நாவலடியில் கண்டதும் அந்த மேசையில் இருப்பதும் ஒன்றல்ல. அன்று கடல் யாரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. இங்கே உயிரோடு இருக்கும்போதே, 'நான் போன பிறகு என் உடலைப் பிள்ளைகள் படிக்கட்டும்' என்று எழுதிக் கையொப்பம் வைத்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. மகளிடம் இதை முதலே சொல்லுங்கள். அங்கே போனதும் 'இது யாருடைய உடல், எப்படி வந்தது?' என்று அவள் கேட்கட்டும். பெயர் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் கேள்விக்கு நின்று பதில் சொல்லும் விரிவுரையாளராக இருந்தால் உங்கள் பிள்ளை நல்ல கையில் இருக்கிறாள். போன் வீட்டிலேயே இருக்கட்டும்.

சரி, பார்த்து என்ன கிடைக்கும்? புத்தகத்தில் நாடி சிவப்பு, நாளம் நீலம், நரம்பு மஞ்சள். அங்கே போனால் எல்லாம் ஒரே மங்கல் கபிலம். எது எது என்று விரலால் தடவித்தான் பிரிக்க வேண்டும். மூளையைக் கையில் கொடுத்தால் அவித்த முட்டை மாதிரி இறுகி இருக்கும். உயிருள்ள மூளை அப்படி இல்லை, நம் எருமைத் தயிர் மாதிரி, சட்டியைச் சரித்தால் ஆடும். போர்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுகிறது. பெர்டினண்ட் புளூம் என்ற ஜெர்மானியர் 1893இல் இதைக் கவனித்தார். அதற்கு முன்பு பெரும்பாலும் மதுசாரத்தில்தான் ஊறப்போட்டார்கள்.

இன்னொன்றை இன்றிரவே வீட்டில் பார்க்கலாம். பெருவிரலையும் சின்னவிரலையும் தொடவைத்து மணிக்கட்டைக் கொஞ்சம் உள்ளே மடியுங்கள். நடுவில் ஒரு தசைநாண் எழும்பும். ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு அது பிறப்பிலேயே இல்லை. இல்லாதவருக்கு ஒரு குறையும் இல்லை. மாமியின் கையையும் பாருங்கள்.

போவதற்கு முதல் ஞாயிறு ஓர் ஆட்டு இதயம் வாங்குங்கள். அதிலும் நமக்குப் போல நான்கு அறைதான். நீளவாக்கில் வெட்டினால் கீழே இருக்கும் இரண்டில் இடது அறையின் (இதயவறை) சுவர் வலதைவிட எவ்வளவு தடிப்பு என்று தெரியும். ஒன்று உடம்பு முழுவதற்கும் தள்ளுகிறது, மற்றது பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு. வால்வுகளை இழுத்துப் பிடித்தபடி தங்கூசி மாதிரி வெள்ளை நூல்கள் நிற்கும். இதைப் பார்த்த பிள்ளை அந்தச் சாடிக்கு முன்னால் திகைத்து நிற்காது. மறுகா கறியும் வைக்கலாம்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் சோணையறை, சதையி என்று தமிழில் படித்துவிட்டுப் போகிறார்கள். அங்கே விளக்கம் பாதியில் ஆங்கிலத்துக்கு வழுக்கிவிடும், இவர்கள் தலையாட்டிவிட்டு வருவார்கள். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், உடற்கூற்றைத் தமிழில் அச்சிட்டார். எங்கள் காலத்தில் மருத்துவபீடம் என்றால் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம். இப்போது மட்டக்களப்பிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பீடம் இருக்கிறது. ஓர் எலும்புப் பெட்டியும் தமிழ் பேசும் நாலு மருத்துவ மாணவர்களும் வாவியைக் கடந்து படுவான்கரைப் பள்ளிகளுக்குப் போனால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அந்தப் பிள்ளைகளுக்கு இங்கே வர பஸ் கிடைப்பதே பாடு.

வந்த அன்று மகள் இறைச்சி வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும். நிறையச் சாப்பிட்டாலும் பயப்பட வேண்டாம், போர்மலின் மணம் சிலருக்குப் பசியைக் கிளப்பும் என்று மருத்துவ மாணவர்கள் சொல்வார்கள். வாசலிலேயே உடுப்பைக் களைந்து தலைமுழுகச் சொல்லுங்கள். அந்த மணம் முடியில் நிற்கும். மாமிக்கும் துடக்குக் கழிந்த மாதிரி இருக்கும்.