அட்டையைத் திருப்பிப் பாருங்கள், ஐயா

கேள்வி: எனக்கு வயது 71. 1985இல் லண்டன் வந்தேன். 1988இல் இங்கே கார் ஓட்டும் பரீட்சையில் சித்தியடைந்தேன். அதற்கு முன் வவுனியாவில் லொறி ஓட்டியவன். 22 வருடமாகக் கோவில் மினிபஸ்ஸைச் சம்பளம் வாங்காமல் ஓட்டி, வெள்ளிக்கிழமைகளில் முதியவர்களை ஏற்றி இறக்கி வந்தேன். எழுபது வயதானபோது மகன் இணையத்தில் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்துத் தந்தான். சென்ற மாதம் வாகனத் தரிப்பிடத்தில் பின்னுக்கு எடுக்கும்போது, நின்றிருந்த கார் ஒன்றில் மினிபஸ் தட்டிவிட்டது. காரில் யாரும் இல்லை. திருத்தச் செலவு 1,640 பவுண். இப்போது காப்புறுதி நிறுவனம் என் அனுமதிப்பத்திர விபரங்களைக் கேட்கிறது. எனக்கு மினிபஸ் ஓட்டும் உரிமையே இல்லை என்று கூறி நிர்வாக சபை என்மேல் பழியைப் போடுகிறது. செயலாளர் எல்லோர் முன்னிலையிலும் அவமதித்தார். சபைமீதும், அனுமதிப்பத்திரம் வழங்கும் அரச நிறுவனமான டிவிஎல்ஏமீதும் வழக்குப் போடலாமா? உரிமை உள்ள வேறொருவர் ஓட்டியதாகச் சொல்லிவிடலாம் என்றும் சபையில் ஒருவர் ஆலோசனை சொல்கிறார். என் சொந்தக் காருக்குப் பின்னால் ட்ரெய்லர் பூட்டி அன்னதானப் பாத்திரங்கள் கொண்டுபோவேன். அந்த உரிமையும் போய்விட்டதா? இரண்டு வருடமாக இன்சுலின் போடுகிறேன். மற்றபடி சுகம்.

பதில்: ஐயா, உங்கள் கடிதம் பதினொரு பக்கம். மேலே சுருக்கித் தந்திருக்கிறேன். செயலாளர் பேசிய பேச்சுக்கு மட்டும் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். மகன் இணையத்தில் புதுப்பித்ததற்கு ஒரு வரி. வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

அனுமதிப்பத்திர அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் சிறிய வாகனப் படங்களும் அவற்றுக்கு நேரே தேதிகளும் இருக்கும். உங்கள் பழைய அட்டையில் சி1, டி1 என்று இரண்டு வரிகள் இருந்தன. 1997 ஜனவரி 1க்கு முன் பிரித்தானியாவில் கார் பரீட்சையில் சித்தியடைந்த எல்லோருக்கும் கேளாமலே கிடைத்தவை அவை. சி1 என்றால் 3.5 தொன்னுக்கு மேல் 7.5 தொன் வரையிலான வாகனம். டி1 என்றால் 16 பயணிகள் வரையிலான மினிபஸ். இந்த இரண்டும் எழுபதாவது பிறந்தநாளுக்கு முதல்நாளோடு முடிகின்றன. தொடர்ந்து வேண்டுமென்றால் டி2 விண்ணப்பமும், டாக்டர் பரிசோதித்து நிரப்பிய டி4 படிவமும் தபாலில் ஸ்வான்சியிலுள்ள டிவிஎல்ஏவுக்குப் போக வேண்டும். இணையத்தில் புதுப்பித்தால் கார் உரிமை மட்டும் திரும்பி வரும். மகன் ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்தார். புது அட்டையில் அந்த இரண்டு வரிகளும் இல்லை.

பெயர்க் குழப்பம் வேறு. டி1 என்ற பெயரில் தபால் நிலையத்தில் ஒரு படிவமும் கிடைக்கும். அது சாதாரண கார், மோட்டார் சைக்கிள் உரிமத்துக்கானது. டி1 உரிமையைக் காப்பாற்ற நினைத்து டி1 படிவத்தை நிரப்பி அனுப்பி, டி1ஐ இழந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். இந்தப் பெயர்களை வைத்தவரை இன்னும் சந்திக்கவில்லை.

ஆகவே சட்டம் உங்களிடம் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: தட்டிய அன்று உங்கள் அனுமதிப்பத்திரத்தில் டி1 இருந்ததா? இல்லை. 22 வருட சேவை, வவுனியா லொறி, செயலாளரின் வாய் எதுவும் இந்தக் கேள்விக்கு விடையாகாது. டிவிஎல்ஏமீது வழக்கு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். புது அட்டை உங்கள் வீட்டுக்கு வந்தது, பணப்பையில் பதினான்கு மாதம் இருந்தது, நீங்கள் திருப்பிப் பார்க்கவில்லை. அவமதிப்புக்கு வழக்குப் போட்டால் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு ஐம்பதாயிரம் பவுண் செலவழிக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். அதற்கு நான் வர மாட்டேன்.

இனி நீங்கள் செய்த தவறின் அளவைப் பார்ப்போம். உரிமையில்லாத வகை வாகனத்தை ஓட்டுவது 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 87ஆம் பிரிவின்கீழ் குற்றம். அதிகபட்ச அபராதம் 1,000 பவுண். அனுமதிப்பத்திரத்தில் 3 முதல் 6 தண்டனைப் புள்ளிகள். காப்புறுதியில்லாமல் ஓட்டியது 143ஆம் பிரிவு: 6 முதல் 8 புள்ளிகள், அபராதத்துக்கு மேல்வரம்பு இல்லை, நீதிமன்றம் விரும்பினால் தடையும் விதிக்கலாம். இந்த இரண்டாவது உங்கள்மேல் விழுமா என்பதைக் காப்புறுதிச் சான்றிதழில் உள்ள ஒரே ஒரு வாசகம் தீர்மானிக்கும். ‘வாகனத்தை ஓட்டும் உரிமத்தை வைத்திருப்பவர்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் நிலைமை மோசம். ‘வைத்திருப்பவர், அல்லது முன்பு வைத்திருந்து தடை செய்யப்படாதவர்’ என்றிருந்தால் உங்களுக்காக வாதாட இடமிருக்கிறது; ஏனென்றால் நீங்கள் டி1ஐ முன்பு வைத்திருந்தவர், உங்களை யாரும் தடை செய்யவில்லை. சான்றிதழின் பிரதியைச் சபையிடம் கேட்டு வாங்குங்கள். இன்றைக்கே.

பணத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஓட்டியவரிடம் உரிமம் இல்லை என்பதைக் காரணம் காட்டி, அடிபட்ட காரின் சொந்தக்காரரைக் காப்புறுதி நிறுவனம் வெறுங்கையோடு அனுப்ப முடியாது. அவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையைத் திருப்பித் தரும்படி கேட்டு உங்களிடம் வரும். அவ்வளவுதான். 1,640 பவுண், ஓர் அபராதம், சில புள்ளிகள். இதுவரை ஒரு புள்ளியும் வாங்காத மனிதர் நீங்கள், இதைத் தாங்கிக்கொள்ளலாம்.

தாங்க முடியாதது, சபையில் அந்த நபர் சொன்ன ஆலோசனை. ‘டி1 வைத்திருக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார், அவர் ஓட்டினதாகச் சொல்லுவம்.’ உங்கள் கடிதத்தில் இந்த வரியைப் படித்ததும்தான் பேனாவை எடுத்தேன். சிறிய விபத்தோடு என்னிடம் வந்து பெரிய வழக்கோடு திரும்பிய கட்சிக்காரர்களில் அனேகர் இந்த வாசலால்தான் நுழைந்தவர்கள். காப்புறுதிப் படிவத்தில் பொய்ப் பெயர் எழுதினால் 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டம். பொலிசாரிடம் அதையே சொன்னால் நீதியின் போக்கைத் திரித்த குற்றம். அதற்குப் புள்ளி கிடையாது, சிறைதான். கிறிஸ் ஹியூன் என்ற முன்னாள் அமைச்சர் 2003இல் வேகமாக ஓட்டியதற்கான புள்ளிகளை மனைவி விக்கி பிரைஸின் பெயரில் ஏற்ற வைத்தார். பத்து வருடம் கழித்து, 2013 மார்ச்சில், இருவருக்கும் ஆளுக்கு எட்டு மாதச் சிறை. மூன்று புள்ளிக்குக் கிடைத்த கூலி அது. வாகனத் தரிப்பிடத்தில் கமெரா இருக்கிறது, கோவில் வாசலிலும் இருக்கிறது, அன்று உங்களோடு வந்த பதினொரு பாட்டிமாரும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது உண்மையைச் சொல்லிவிடுவார். அந்தத் தம்பிக்கு வேலையும் குடியுரிமை விண்ணப்பமும் இருந்தால் அவர் வாழ்க்கையும் போகும்.

சபைக்கு ஏன் இந்த அவசரம் தெரியுமா? காப்புறுதியில்லாத பயணத்துக்கு வாகனத்தைக் கொடுப்பதும் அதே 143ஆம் பிரிவில் குற்றம். உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று உண்மையாகவே நம்பித்தான் சாவியைக் கொடுத்தோம் என்று சொல்லி அவர்கள் தப்ப முடியாது. வருடத்துக்கு ஒருமுறை உங்கள் அட்டையை வாங்கிப் பார்த்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். உங்கள்மேல் கத்துவதில் பாதி இந்தப் பயம்தான். சமரசம் பேசும்போது இது உங்களுக்கு உதவும். இப்போது வாய் திறக்க வேண்டாம்.

சம்பளமில்லாத சேவைக்கு டி1 தேவையில்லை என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அப்படி ஒரு விலக்கு உண்மையிலேயே இருக்கிறது. வணிக நோக்கமில்லாத அமைப்பின் சமூகத் தேவைக்காக, கூலி வாங்காமல், கார் உரிமத்தோடு மினிபஸ் ஓட்டலாம். ஆனால் வாகனத்தின் அதிகபட்ச எடை 3.5 தொன்னைத் தாண்டக் கூடாது. மாற்றுத் திறனாளிகளுக்கான சாதனங்கள் பொருத்தியிருந்தால் 4.25 தொன். ட்ரெய்லர் எதுவும் கூடாது. எழுபது வயதானவர் என்றால் லொறி, பஸ் ஓட்டுநர்களுக்கான இரண்டாம் பிரிவு மருத்துவத் தரத்தை எட்ட வேண்டும். பயணிகளிடம் காசு வாங்குவதென்றால் வாகனத்துக்கு 19ஆம் பிரிவு அனுமதி வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் முன்கதவுத் தூணில் ஒட்டிய தகடு தெரிகிறது. 4,100 கிலோ என்று எழுதியிருக்கிறது. வண்டியில் சக்கர நாற்காலிக்கான தூக்கி ஏதும் இல்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ‘ஒருவருக்கு 5 பவுண்’ என்று எழுதிய பால்மா டின் ஒன்றும் தெரிகிறது. முன்கண்ணாடியில் அனுமதி வில்லையைக் காணவில்லை. அந்த டின்னை உண்டியல் என்று நீங்கள் சொல்வீர்கள். சட்டம் கட்டணம் என்று சொல்லும். பழைய டி1 உரிமையிலும் கட்டணத்துக்கு ஓட்டக் கூடாது என்ற 101 என்ற குறியீடு இருந்தது. ஆகவே இந்த விலக்கை நம்பி நீதிமன்றம் போக வேண்டாம். அதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே டின்னைப் பற்றியும் பேச வேண்டிவரும்.

அடுத்தது இன்சுலின். கடைசி வரியில், ‘மற்றபடி சுகம்’ என்பதற்கு முன்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். இன்சுலின் தொடர்ந்து போடத் தொடங்கினால் காருக்குக்கூட டிவிஎல்ஏவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காதது தனிக் குற்றம், அதற்கும் 1,000 பவுண் வரை அபராதம். மகன் இணையத்தில் புதுப்பித்தபோது உடல்நலம் பற்றிய கேள்விக்கு என்ன பதில் கொடுத்தார்? தெரியாது என்றால் இன்றிரவு கேட்டு எனக்குச் சொல்லுங்கள். ‘எதுவும் இல்லை’ என்று கொடுத்திருந்தால், உரிமம் பெறுவதற்குப் பொய் சொன்னதாகக் கதை மாறும். அந்தக் கதையை டிவிஎல்ஏ கண்டுபிடிக்கும் முன் நாமே எழுதித் திருத்த வேண்டும். டி1ஐ மீட்க நாளைக்கே டி4ஐத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அந்தப் படிவத்தில் டாக்டர் இன்சுலின் எப்போது தொடங்கியது என்று எழுதுவார், அந்தத் தேதி உங்கள் புதுப்பித்தலுக்கு முந்தியது. முதலில் அறிவிப்பு, பிறகு விண்ணப்பம்.

இன்சுலின் போடுபவர் மினிபஸ் ஓட்டவே முடியாது என்பதில்லை. 2011 முதல் அனுமதிக்கிறார்கள்: சர்க்கரை தாழ்ந்தால் உடனே உணரக்கூடியவராக இருக்க வேண்டும், கடந்த ஒரு வருடத்தில் அடுத்தவர் உதவி தேவைப்பட்ட தாழ்நிலை ஒன்றும் வந்திருக்கக் கூடாது, மீட்டரில் பதிவு இருக்க வேண்டும், ஆண்டுதோறும் நிபுணர் பரிசோதிக்க வேண்டும். கண்பார்வையும் காரைவிடக் கடினம்: நல்ல கண்ணில் 6/7.5, மற்றதில் குறைந்தது 6/60. டி4 பரிசோதனைக்கு அரச மருத்துவ சேவையான என்எச்எஸ் பணம் கட்டாது. எல்லாம் சரிவந்தாலும், இன்சுலின் போடுபவருக்கு வருடத்துக்கு ஒருமுறை இதே பாடு. வெள்ளிக்கிழமை மினிபஸ்ஸுக்காக இவ்வளவு வேண்டுமா என்பதை வீட்டில் பேசுங்கள். என்னைக் கேட்டால் சாவியைக் கொடுத்துவிடச் சொல்வேன்.

விண்ணப்பம் போட்டவுடன் ஓட்டலாமாமே என்று அடுத்த கடிதம் வரும் முன்பே சொல்லிவிடுகிறேன். வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 88ஆம் பிரிவு அப்படி ஒரு வசதி தருகிறது. பழைய உரிமம் முடியும் முன்பே டி2, டி4 அனுப்பி, ஓட்டத் தகுதி உண்டு என்று டாக்டர் சொல்லி, டிவிஎல்ஏவின் பதிலுக்குக் காத்திருப்பவருக்கு அது குடை. டி1ஐ விட்டுவிட்டுப் புது அட்டை வாங்கி, பதினான்கு மாதம் கழித்து விண்ணப்பிக்கிறவரை, அதுவும் இன்சுலின் விவகாரம் தீராத ஒருவரை, அந்தக் குடைக்குக் கீழ் நிற்க நான் விடமாட்டேன். புது அட்டையில் டி1 என்று அச்சாகி வரும்வரை அந்த மினிபஸ்ஸின் கதவைக்கூடத் திறக்காதீர்கள்.

ட்ரெய்லர் விஷயத்தில் பயமில்லை. அது பிஇ என்ற உரிமை, எழுபதோடு போவதில்லை. 2021 டிசம்பர் 16 முதல் கார் உரிமம் உள்ள எவரும் 3,500 கிலோ வரை இழுக்கலாம். பாத்திரங்களைக் கொண்டுபோங்கள், இன்சுலினை அறிவித்த பிறகு.

இனிச் செய்ய வேண்டியது. காப்புறுதி நிறுவனம் உங்கள் அனுமதிப்பத்திர விபரங்களைப் பார்ப்பதற்கான பகிர்வுக் குறியீட்டைக் கொடுங்கள்; டிவிஎல்ஏ தளத்தில் எடுத்தால் அது 21 நாளுக்குச் செல்லுபடியாகும். கூடவே ஒரு பக்கத்துக்கு மிகாத கடிதம்: ஓட்டியது நான், இந்த நேரம், இந்த இடம், டி1 முடிந்தது எனக்குத் தெரியவில்லை. சேவை வரலாறு வேண்டாம். கடிதம் போகும் முன் எனக்குக் காட்டுங்கள். 1,640 பவுணில் பாதியை நீங்களும் பாதியைச் சபையும் போட்டு முடிக்கலாம் என்று தலைவரிடம் பேசுகிறேன், செயலாளரிடம் இல்லை. அவர்கள் சம்மதிப்பார்கள், காரணம் மேலே சொல்லியிருக்கிறேன். கார்க்காரர் நேரடியாகப் பணம் வாங்க விரும்பினால் நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டே கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டில் ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று இருக்கட்டும். ‘பொலிசுக்குப் போக மாட்டேன்’ என்ற வரியைச் சேர்க்கச் சபையில் யாராவது சொன்னால், அந்த ஆலோசனைக்காரரே இதற்கும் காரணமாக இருப்பார், சேர்க்காதீர்கள்.

பழைய அட்டை, புது அட்டை, காப்புறுதிச் சான்றிதழ், மகன், நான்கையும் வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள். தேர்த்திருவிழாவில் பொன்னாடை போர்த்திய படங்கள் தேவையில்லை.