வாசகர் கேள்வி–பதில்: லீட்ஸ் குளிரும் பாலக்கோடு கவலையும்

கேள்வி: மகன் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வாடகை வீட்டில் இருக்கிறான். திடீரென்று வெந்நீரும் வரவில்லை, அறையும் சூடாகவில்லை. பாய்லரில் முள் 0.4-ல் நிற்கிறதாம். வீட்டு ஓனர் திங்கட்கிழமைதான் வருவாராம். அவனே ஏதாவது செய்யலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: செய்யலாம். அங்கே நிறைய வீடுகளில் இருப்பது காம்பி பாய்லர். நம் கீசரைப் போலத் தண்ணீரைத் தேக்கி வைக்காது. குழாயைத் திறந்ததும் கேஸ் பற்றி, ஓடுகிற தண்ணீரை அப்போதே சூடாக்கும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குள் (சுவரோரம் இருக்கும் இரும்புத் தகடுகள்) சுற்றுவது வேறு தண்ணீர். அது மூடிய சுற்று, குளிக்கிற தண்ணீரோடு கலக்காது. அந்தச் சுற்றின் அழுத்தத்தைத்தான் முள் காட்டுகிறது. பாய்லர் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்க வேண்டும். 0.5-க்குக் கீழே இறங்கினால் பல மாடல்கள் தாமாக நின்றுவிடும். உங்கள் மகன் வீட்டில் நடந்தது அநேகமாக அதுதான்.

பாய்லரை அணைத்து ஆறவிடச் சொல்லுங்கள். அடியில் வெள்ளிக் கம்பி பின்னிய சிறிய ஹோஸ் ஒன்று இருக்கும். பெயர் ஃபில்லிங் லூப். இரு முனையும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும் (இரண்டு வால்வு இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக). உஸ்ஸென்ற சத்தத்தோடு முள் ஏறும். 1.3 வந்ததும் மூடிவிட்டு பாய்லரைப் போடலாம். ஹோஸ் இல்லாத மாடல்களில் அடியில் சின்ன நெம்புகோலோ சாவியோ இருக்கும். கூட வந்த கையேட்டில் படம் உண்டு.

பலர் கோட்டை விடுவது வால்வை மூடுவதில்தான். சரியாக மூடாவிட்டால் அழுத்தம் 3 பார் வரை ஏறி, பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் உள்ள செம்புக் குழாய் வழியே தண்ணீர் கொட்டும். சரியாக மூடியும் சில நாளில் முள் மறுபடி இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது உள்ளே இருக்கும் விரிவுக் கலத்தில் (சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் பாத்திரம்) காற்று போய்விட்டது. அது மகன் கை வைக்கும் வேலை இல்லை. பாய்லரின் மூடியைக் கழற்றவே கூடாது. 'கேஸ் சேஃப்' (அங்கே கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவேடு) பதிவு பெற்ற மெக்கானிக்தான் கழற்ற வேண்டும்.

பனிக்காலத்தில் முள் சரியாக இருந்தும் பாய்லர் களகளவென்று சத்தமிட்டு நின்றால், வெளியே போகும் பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கும். அதன்மேல் வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் போதும். கொதிக்கிற நீரை ஊற்றினால் குழாய் வெடிக்கும்.

கேள்வி: ரேடியேட்டரின் மேல்பாதி சில்லென்றே இருக்கிறதாம். அதில் உள்ள திருகுக் குமிழை 5-ல் வைத்தும் பலனில்லை என்கிறாள் மகள்.
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மேலே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்து, ஆறியதும், ஓரத்தில் உள்ள சதுர முளையை அதற்கான சாவியால் இடப்பக்கமாக அரைச் சுற்று திருப்ப வேண்டும். கீழே துணி பிடித்துக்கொள்ளட்டும். காற்று போய்த் தண்ணீர் வந்ததும் மூடிவிட்டு, பாய்லர் முள்ளைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் இறங்கியிருக்கும். மேலே சூடு, அடியில் குளிர் என்றால் அது காற்றல்ல, வண்டல்.

அந்தத் திருகு ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி இல்லை. 5-ல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது. அறை எவ்வளவு சூட்டை எட்டியதும் நிற்க வேண்டும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. 3 என்பது ஏறத்தாழ 20 டிகிரி.

கேள்வி: மார்கழியில் நாங்கள் கும்மட்டி அடுப்பில் கரி போட்டு அறைக்குள் வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் பையனும் அப்படிச் செய்யலாமா?
– வாசகி, தளி

பதில்: கூடவே கூடாது. ('குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வாங்கிய தளியிலும் வேண்டாம்.) காற்றுப் புகாத வீட்டில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். பாய்லர் இருக்கும் அறையில் அதற்கான அலாரம் வைப்பது, 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்து வீட்டு ஓனர்களின் கடமை. ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் சோதனையும் அவர்கள் பொறுப்பு. கேஸ் நாற்றம் வந்தால் ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியேறி 0800 111 999-ஐ அழைக்க வேண்டும்.

கேள்வி: லண்டனில் ஷவரில் சூடு ஏறி இறங்குகிறதாம், கெட்டிலிலும் வெள்ளைப் படிவு.
– வாசகர், தர்மபுரி

பதில்: நம்மூர் போர் தண்ணீரில் ஹீட்டர் ராடில் படிகிற அதே உப்புதான். லண்டன் தண்ணீரும் கடினநீர். கெட்டிலுக்கு வினிகர் போதும். ரேடியேட்டர் நன்றாகச் சூடாகி, குழாயில் மட்டும் சூடு ஆடினால் பாய்லருக்குள்ளும் படிந்திருக்கலாம், ஓனரிடம் சொல்லட்டும். அதற்கு முன் ஒன்றைச் சோதிக்கலாம்: 24 கிலோவாட் காம்பி, குளிர்ந்த நீரை 35 டிகிரி உயர்த்தி நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர்தான் தரும். ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் சமையலறையில் வெந்நீரைத் திறந்தால் ஷவரில் ஆறத்தான் செய்யும்.