சிஎஃப்ஏ (முதலீட்டுப் பகுப்பாய்வாளர் தகுதித் தேர்வு) லெவல் 1-க்கு நான்கு மாதம்தான் இருக்கிறது, வேலைக்கும் போகிறேன். எந்தப் பாடத்துக்கு முன்னுரிமை தருவது, எதை விடலாம்?

எதையும் முழுதாக விட முடியாது. அதற்காகப் பத்துப் பாடத்துக்கும் சமமாக நேரம் ஒதுக்கினால் நான்கு மாதம் போதவே போதாது. முதலில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்: எதை முதலில் படிப்பது? எதற்கு அதிக நேரம் கொடுப்பது? இரண்டுக்கும் விடை ஒன்றல்ல. எத்திக்ஸுக்குத்தான் (தொழில் நெறிமுறை) மார்க் அதிகம், ஆனால் அதை முதலில் படித்தால் தேர்வு வருவதற்குள் பாதி மறந்துவிடும். குவான்டுக்கு (நிதிக் கணக்கும் புள்ளியியலும்) மார்க் குறைவு, ஆனால் அதில் கை பழகாமல் ஃபிக்ஸட் இன்கம் (பாண்ட் எனும் கடன்பத்திரங்கள்) பக்கம் போகவே முடியாது.

தேர்வின் கணக்கு இது. மொத்தம் 180 கேள்விகள். 90 வீதம் இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் 2 மணி 15 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் கிடைக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகள் இருக்கும், தவறான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். பாடவாரியாகப் பாஸ் மார்க் கிடையாது, மொத்தத்தில் எல்லையைத் தாண்டினால் போதும். எத்தனை கேள்வி சரியாக இருந்தால் அந்த எல்லை என்பதை சிஎஃப்ஏ இன்ஸ்டிடியூட் வெளியிடுவதில்லை.

எடையைப் பார்த்தால் எத்திக்ஸ் 15 முதல் 20 சதவீதம். ஃபினான்ஷியல் ஸ்டேட்மென்ட் அனாலிசிஸ் (நிதி அறிக்கை ஆய்வு), ஈக்விட்டி (பங்குகள்), ஃபிக்ஸட் இன்கம் மூன்றும் தலா 11 முதல் 14. இந்த நான்கு மட்டுமே தாளில் ஏறத்தாழ பாதியைத் தாண்டிவிடும். போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட் 8 முதல் 12, ஆல்டர்நேட்டிவ்ஸ் (ரியல் எஸ்டேட் போன்ற மாற்று முதலீடுகள்) 7 முதல் 10. குவான்ட், எகனாமிக்ஸ், கார்ப்பரேட் இஷ்யூவர்ஸ் (நிறுவன நிதி நிர்வாகம்) மூன்றும் தலா 6 முதல் 9. டெரிவேட்டிவ்ஸ் (வேறொரு சொத்தின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்கள்) 5 முதல் 8. எடை அவ்வப்போது மாறும் என்பதால், நீங்கள் எழுதப்போகும் ஆண்டின் பட்டியலை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

வார நாட்களில் தினம் 2 மணி நேரம், சனி ஞாயிறு தலா 5 என்று வைத்தால் 16 வாரத்தில் 320 மணி நேரம் வரும். 300 மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு, ஆகவே உங்கள் நிலைமை மோசமில்லை. இதில் சுமார் 220 மணி நேரத்தை முதல் 11 வாரத்தில் பாடங்களுக்கும் பயிற்சிக் கேள்விகளுக்கும் செலவழியுங்கள். மிச்சம் 100 மணி நேரத்தை மாக் டெஸ்ட்டுக்கும் (மாதிரித் தேர்வு) திருத்தத்துக்கும் தொடாமல் வையுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பாடம் முடியவில்லை என்று மாக் டெஸ்ட் நேரத்தைக் கடன் வாங்குவார்கள், கடைசியில் ஒரே ஒரு மாக் எழுதிவிட்டு ஹாலுக்குப் போவார்கள்.

முதலில் குவான்ட், ஆனால் 25 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதிலும் பணத்தின் காலமதிப்பு, வருமான விகிதங்கள், நிகழ்தகவு ஆகியவற்றை முழுதாக முடியுங்கள். ஹைப்பாதிசிஸ் டெஸ்டிங் (அனுமானச் சோதனை), ரிக்ரஷன் (மாறிகளுக்கு இடையிலான தொடர்பைக் கணிப்பது) இரண்டிலும் எந்தச் சூழலுக்கு எந்தச் சோதனை, கிடைத்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். இன்ஜினியரிங் முடித்தவர்கள் புள்ளியியல் பிடிக்கும் என்பதற்காக இங்கேயே மூன்று வாரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். கிடைக்கப்போவது 11 முதல் 16 கேள்விகள், அவ்வளவுதான்.

கால்குலேட்டரையும் இந்த வாரத்திலேயே பழகிவிடுங்கள். டெக்சாஸ் பிஏ 2 பிளஸ் அல்லது ஹெச்பி 12சி, இரண்டு வரிசைக்கு மட்டுமே அனுமதி. பிஏ 2 பிளஸ் வைத்திருந்தால் பி/ஒய் (ஆண்டுக்கு எத்தனை தவணை) அமைப்பு 1 என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு பாண்ட்: முகமதிப்பு 1,000, ஆண்டுக்கு ஒருமுறை 6% கூப்பன் (பாண்ட் தரும் வட்டி), 5 ஆண்டு, யீல்ட் (சந்தை எதிர்பார்க்கும் வருமான விகிதம்) 8%. என் (தவணைகள்) 5, ஐ/ஒய் (யீல்ட்) 8, பிஎம்டி (கூப்பன் தொகை) 60, எஃப்வி (முகமதிப்பு) 1,000 என்று கொடுத்தால் விலை 920.15 வரும். பி/ஒய் 12 என்று இருந்தால் அதே எண்களுக்கு 1,261 என்று காட்டும். கூப்பனைவிட யீல்ட் அதிகமானால் விலை முகமதிப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார், தெரியாதவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அதே பாண்ட் அரையாண்டுக் கூப்பன் என்றால் என் 10, ஐ/ஒய் 4, பிஎம்டி 30, விலை 918.89. இந்த இரண்டு விடையும் பக்கத்தில் பக்கத்தில் தெரிவில் இருக்கும்போது, கேள்வியில் அரையாண்டு என்ற ஒரு சொல்லைக் கவனித்தீர்களா என்பதுதான் மார்க்கைத் தீர்மானிக்கிறது.

அடுத்து ஃபினான்ஷியல் ஸ்டேட்மென்ட் அனாலிசிஸ், 45 மணி நேரம். எல்லாவற்றிலும் அதிக நேரம் இதற்குத்தான். எடை 11 முதல் 14 தானே, எத்திக்ஸைவிடக் குறைவுதானே என்று தோன்றும். இது புரிந்தால்தான் ஈக்விட்டியில் மதிப்பீடு, கார்ப்பரேட் இஷ்யூவர்ஸ், ஃபிக்ஸட் இன்கமில் கிரெடிட் அனாலிசிஸ் எல்லாம் பாதி நேரத்தில் முடியும். சரக்கிருப்பு, நீண்டகாலச் சொத்துகள், வருமான வரி, பணப்பாய்வு அறிக்கை ஆகிய நான்கில் நேரத்தைக் கொட்டுங்கள். டெஃபர்டு டாக்ஸை மனப்பாடம் செய்யாதீர்கள், சின்ன எண்களில் போட்டுப் பாருங்கள். வரிக் கணக்கில் தேய்மானம் 40, புத்தகக் கணக்கில் 25, வரி விகிதம் 30%. இந்த ஆண்டு 15-க்கான வரியைத் தள்ளிப்போட்டிருக்கிறோம், ஆகவே 4.5 டெஃபர்டு டாக்ஸ் லயபிலிட்டி. பின்னால் கட்ட வேண்டியது என்பதால் அது கடன் பக்கம் வருகிறது. இதைப் பத்துத் தடவை வெவ்வேறு எண்களில் போட்டால் விதி தானாக நினைவில் நிற்கும்.

சிஏ, பி.காம் படித்தவர்கள் இந்தப் பாடத்தைத் தெரிந்ததுதானே என்று வேகமாகத் தாண்டுவது ஆபத்து. வங்கி, நிதி நிறுவனம் அல்லாத கம்பெனிக்கு, கட்டிய வட்டியை நம் இண்டாஸ் 7 (இந்தியக் கணக்கியல் தரநிலை) பணப்பாய்வு அறிக்கையில் ஃபினான்சிங்கில் (நிதி திரட்டல்) போடச் சொல்கிறது. யுஎஸ் காப் (அமெரிக்கக் கணக்கியல் விதிகள்) அதை ஆபரேட்டிங்கில்தான் (அன்றாடத் தொழில்) போடும். ஐஎஃப்ஆர்எஸ் (சர்வதேசக் கணக்கியல் தரநிலை) இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவிட்டிருந்தது. 2027 ஜனவரியில் நடைமுறைக்கு வரும் ஐஎஃப்ஆர்எஸ் 18 அந்தத் தெரிவைப் பெரும்பாலான கம்பெனிகளுக்கு எடுத்துவிடுகிறது. உங்கள் தேர்வாண்டுப் பாடம் என்ன சொல்கிறதோ அதுதான் விடை. லைஃபோவும் (கடைசியாக வாங்கிய சரக்கு முதலில் விற்றதாகக் கொள்ளும் முறை) அப்படியே: ஐஎஃப்ஆர்எஸ்ஸில் கிடையாது, நம்மிடமும் கிடையாது, யுஎஸ் காப்பில் உண்டு. பழக்கமில்லாததால் நம்மவர்கள் அதைத் தவிர்ப்பார்கள். விலை ஏறும் காலத்தில் லைஃபோவில் விற்பனைச் செலவு கூடும், லாபமும் வரியும் குறையும், சரக்கிருப்பு பழைய விலையிலேயே நிற்கும் என்ற சங்கிலியை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது ஃபிக்ஸட் இன்கம், 38 மணி நேரம். பாடப்புத்தகத்தில் இது பின்னால் வருவதால் வரிசைப்படி படிப்பவர்கள் களைத்துப்போன நேரத்தில் இதைத் தொடுகிறார்கள். அதனாலேயே இதை முன்னால் இழுக்கச் சொல்கிறேன். ஸ்பாட் ரேட் (இன்றிலிருந்து ஒரு காலத்துக்கான வட்டி), ஃபார்வர்ட் ரேட் (எதிர்காலக் காலத்துக்கான வட்டி), டியூரேஷன் (யீல்ட் மாறினால் விலை எவ்வளவு மாறும் என்ற அளவு), கன்வெக்சிட்டி (அந்த அளவின் வளைவுத் திருத்தம்) ஆகியவை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டப்பட்டவை, நடுவில் ஒன்றை விட்டால் அடுத்தது விளங்காது. மாடிஃபைடு டியூரேஷன் 4.2, யீல்ட் 0.50% ஏறினால் விலை ஏறத்தாழ 2.1% இறங்கும் என்பது பேப்பர் இல்லாமல் வர வேண்டும். செக்யூரிட்டைசேஷன் (கடன்களைத் தொகுத்துப் பத்திரங்களாக விற்பது) பகுதியில் கணக்கு குறைவு. யாருக்கு முதலில் பணம் போகிறது, நஷ்டத்தை யார் முதலில் தாங்குகிறார்கள் என்று படம் வரைந்தால் முடிந்துவிடும்.

ஈக்விட்டிக்கு 28 மணி நேரம் போதும். பெரிய மூன்றில் இதுதான் எளிது. மார்க்கெட் அமைப்பு, இண்டெக்ஸ் கணக்கு, டிவிடெண்ட் டிஸ்கவுன்ட் மாடல் (வரப்போகும் டிவிடெண்டுகளின் இன்றைய மதிப்பு), பெருக்கல் விகிதங்கள் (விலை-வருவாய் விகிதம் போன்றவை): இவற்றில் சிந்தாமல் மார்க் எடுக்க வேண்டும். பிறகு போர்ட்ஃபோலியோ 18, எகனாமிக்ஸ் 16, டெரிவேட்டிவ்ஸ் 14, கார்ப்பரேட்டும் ஆல்டர்நேட்டிவ்ஸும் தலா 12 மணி நேரம். டெரிவேட்டிவ்ஸ் என்றதும் பலர் பயந்து ஒதுக்குகிறார்கள். லெவல் 1-இல் அது ஒரே யோசனையைச் சுற்றித்தான் சுழல்கிறது: ஒரே பணவரவு தரும் இரண்டு வழிகளுக்கு ஒரே விலை. இன்றைய விலை 100, வட்டி 5%, வேறு செலவோ வரவோ இல்லை என்றால் ஓராண்டு ஃபார்வர்ட் (பின்னால் வாங்க இன்றே பேசும்) விலை 105. புட்-கால் பாரிட்டியும் (விற்கும் ஆப்ஷன், வாங்கும் ஆப்ஷன் விலைகளுக்கு இடையிலான சமன்பாடு) இதே யோசனைதான். அது பிடிபட்டால் 14 மணி நேரம் தாராளம்.

எகனாமிக்ஸில்தான் உண்மையிலேயே வெட்டலாம். அந்நியச் செலாவணிக் கணக்குகள், நிதிக் கொள்கை, பணக் கொள்கை, சந்தை வகைகள் ஆகியவற்றை ஒழுங்காகப் படியுங்கள். ஜியோபாலிடிக்ஸை ஒரே அமர்வில் வாசித்துவிட்டு மேலே போங்கள்.

எத்திக்ஸை இரண்டு தடவையாகப் பிரியுங்கள். பதினோராவது வாரம் 10 மணி நேரத்தில் ஒரு வாசிப்பு, கடைசி ஐந்து வாரத்தில் 20 மணி நேரம். பொது அறிவு வைத்தே போட்டுவிடலாம் என்ற நினைப்பு இங்கே ஆளைக் கவிழ்க்கும். கேள்வி நல்லவரா கெட்டவரா என்று கேட்பதில்லை, எந்த விதி எங்கே முடிகிறது என்று கேட்கும். வாடிக்கையாளர் நன்றிக்காக ஒரு பரிசு கொடுக்கிறார்: முதலாளியிடம் தெரிவித்துவிட்டு வாங்கலாம். நீங்கள் அறிக்கை எழுதும் கம்பெனி ஆடம்பரச் சுற்றுலாவுக்குச் செலவு செய்கிறது: தெரிவித்தாலும் கூடாது. உள்ளூர்ச் சட்டமும் சிஎஃப்ஏ விதிமுறையும் வேறுபட்டால் எது கண்டிப்பானதோ அது. பொதுத் தகவலையும் முக்கியமல்லாத உள்தகவலையும் சேர்த்து முடிவுக்கு வருவது மீறல் ஆகாது. இந்த எல்லைகளைப் பாடத்தின் உதாரணங்களிலிருந்துதான் பிடிக்க முடியும், சுருக்கக் குறிப்புகளிலிருந்து முடியாது. இன்னொன்று: தேர்ச்சி எல்லைக்கு மிக அருகில் நிற்பவர்களுக்கு எத்திக்ஸ் மார்க் முடிவையே மாற்றக்கூடும்.

மாக் எழுதத் தொடங்கிய பிறகு முன்னுரிமையை உணர்ச்சி தீர்மானிக்கக் கூடாது, கணக்கு தீர்மானிக்க வேண்டும். பாடத்தின் எடையை (மேலே சொன்ன வரம்பின் நடு எண்), இழந்த விகிதத்தால் பெருக்குங்கள். டெரிவேட்டிவ்ஸில் 40% எடுத்தீர்கள் என்றால் 6.5-ஐ 0.60-ஆல் பெருக்கி 3.9. ஃபிக்ஸட் இன்கமில் 55% என்றால் 12.5-ஐ 0.45-ஆல் பெருக்கி 5.6. எத்திக்ஸில் 60% என்றால் 17.5-ஐ 0.40-ஆல் பெருக்கி 7. கண்ணுக்கு டெரிவேட்டிவ்ஸ்தான் மோசமாகத் தெரியும், ஆனால் மார்க் அதிகமாகச் சிந்தியிருப்பது எத்திக்ஸில். எத்திக்ஸை 60-லிருந்து 75-க்கு ஏற்றினால் நான்கைந்து கேள்வி லாபம், டெரிவேட்டிவ்ஸை 40-லிருந்து 60-க்கு ஏற்றினால் இரண்டுதான். ஒரே மாக்கை வைத்துச் சின்னப் பாடங்களை எடைபோட வேண்டாம். 12 கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக நான்கு சரியாகும். இரண்டு மூன்று மாக்கைக் கூட்டிப் பாருங்கள்.

நான்கு மாக் எழுத முடிந்தால் நல்லது. ஒவ்வொன்றும் நாலரை மணி நேரம், திருத்த அதே அளவு நேரம். தவறுகளை நான்காகப் பிரியுங்கள்: தெரியவில்லை, இரண்டு கருத்தைக் குழப்பினேன், கால்குலேட்டர் பிழை, கேள்வியைத் தவறாகப் படித்தேன். முதல் வகைக்கு மட்டும்தான் புத்தகத்துக்குத் திரும்ப வேண்டும். நான்காவது வகையில் பெரும்பாலும் எது மிகக் குறைவாகப் பொருந்தும் என்று கேட்கும் கேள்விகளே இருக்கும், அதற்கு வழி மெதுவாக வாசிப்பதுதான், மறுபடி பாடம் படிப்பது அல்ல.

பிராக்டிகல் ஸ்கில்ஸ் மாட்யூல் (ஆன்லைன் செய்முறைப் பயிற்சி) ஒன்றை முடித்தால்தான் ரிசல்ட் தருவார்கள். தேர்வு மார்க்கில் அது சேராது, ஆகவே கடைசி ஐந்து வாரத்தில் அதைத் தொட வேண்டாம். அதற்கு முன்பே ஒரு நீண்ட விடுமுறையில் முடித்துவிடுங்கள், அல்லது தேர்வு முடிந்த மறுநாள் உட்காருங்கள்.