பிரையன் மேயின் கிட்டார் ஒலி: கேள்வி பதில்

குவீன் குழுவின் 1970களின் இசைத்தட்டுகளில் பிரையன் மேயின் கிட்டார் பாடுவது போலக் கேட்கும். அதை வீட்டில் கொண்டுவரப் பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: அண்ணா, என்னிடம் மே பயன்படுத்தும் அதே வாக்ஸ் ஏசி30 ஆம்ப் (ஒலிபெருக்கி) பழையது ஒன்று இருக்கிறது. டாப் பூஸ்ட் சேனலில் ட்ரெபிளை (மேல் சுர ஒலியை) ஏற்றினால் காதைக் குத்துகிறதே தவிர, அந்த ஒலி வரவில்லை.

பதில்: நார்மல் சேனலுக்கு மாற்றுங்கள் தம்பி. மே அதில் செருகி வால்யூமை முழுக்கத் திறந்துவிடுவார். ஆம்புக்கு முன்னால் ஒரு ட்ரெபிள் பூஸ்டர் பெடல். ஐரிஷ் கிட்டார் கலைஞர் ரோரி கல்லஹரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட ஜோடி இது. பூஸ்டர் கீழ் சுரங்களைக் குறைத்து, மேல் சுரங்களை மட்டும் பலமாக உள்ளே தள்ளும். அதனால் ஆம்பில் ஒலியைப் பெருக்கும் நான்கு இஎல்84 வால்வுகளும் திணறும்போதுகூட ஒலி குழம்பாது. சுத்தமான ஒலி வேண்டுமா? பெடலை அணைக்காதீர்கள், கிட்டாரின் வால்யூமை இறக்குங்கள். பாதி வித்தை அந்தத் திருகில்தான்.

கேள்வி: ஃபெண்டர் ஸ்ட்ராட் கிட்டார் வைத்திருக்கிறேன். மேயின் ரெட் ஸ்பெஷல் கிட்டாரின் நகல் வாங்கியே தீர வேண்டுமா?

பதில்: வேண்டாம். மேயும் அவர் அப்பாவுமாக 1963இல் செய்யத் தொடங்கிய கிட்டார் அது. கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரம். அந்தக் கதை எனக்கும் பிடிக்கும், ஆனால் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வயரிங். கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் அதன் மூன்று பர்ன்ஸ் பிக்அப்களும் தொடர் இணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச், ஃபேஸை (மின்குறியின் திசையை) மாற்றத் தனி ஸ்விட்ச். வழக்கமான ஸ்ட்ராட்டில் இரண்டு பிக்அப் சேர்ந்தால் அவை இணை இணைப்பில், அதாவது பக்கம் பக்கமாக, இருக்கும், ஒலி மெலியும். நல்ல டெக்னீஷியனிடம் கொடுத்துத் தொடர் இணைப்பாக மாற்றிப் பாருங்கள், பிக்அப் மாற்றுவதைவிட அதிக வித்தியாசம் தெரியும்.

கேள்வி: பிக்குக்குப் பதிலாக மே பிடிக்கும் பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் நாணயம் அவசியமா?

பதில்: ஆமாம். அதன் வரிவரியான விளிம்பு கம்பியில் உரசும்போதுதான் சுரத்தின் தொடக்கத்தில் அந்தக் கரகரப்பு வரும். பிளாஸ்டிக் பிக்கில் வராது.

கேள்வி: பழைய ரேஞ்ச்மாஸ்டர் ட்ரெபிள் பூஸ்டரை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் போடலாமா?

பதில்: கூடாது. உள்ளே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது மற்ற பெடல்களுக்கு நேர்மாறான மின் இணைப்பு. மற்றவற்றோடு சேர்த்தால் ஷார்ட் ஆகும். தனி 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். அப்புறம், சூடேறினால் ஜெர்மானியத்தின் ஒலியே மாறிவிடும், வெயிலில் வைக்காதீர்கள்.

கேள்வி: ஃபிளாட்டில் ஏசி30ஐ முழு வால்யூமில் வைக்க முடியாதே?

பதில்: ஒற்றை இஎல்84 உள்ள 5 வாட் ஆம்ப் தேடுங்கள். அதுவும் சத்தம்தான், கதவைச் சாத்திக்கொண்டு பகலில் வாசிக்கலாம்.

கேள்வி: குவீனின் 'குட் கம்பெனி' பாட்டில் ஜாஸ் வாத்தியக் குழுவே கேட்கிறதே, அதுவும் ஏசி30ஆ?

பதில்: இல்லை. கிளாரினெட், டிராம்போன் போலக் கேட்பதெல்லாம் கிட்டார்தான். குவீனில் பேஸ் கிட்டார் வாசித்த ஜான் டீக்கன், குப்பைத் தொட்டியில் கிடைத்த சர்க்யூட் போர்டை வைத்துச் செய்த குட்டி டிரான்சிஸ்டர் ஆம்ப் வழியாக வந்தவை. அதற்கும் 9 வோல்ட் பேட்டரிதான். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து அடுக்கினார் மே. நீங்களும் ஒரு சின்ன பேட்டரி ஆம்பின் முன் மைக்கை வைத்து, முதலில் கிளாரினெட் வரியை மட்டும் பதிந்து பாருங்கள்.